ஒரே தோட்டத்துக் காப்பி

நவம்பர் 14

இது உரக்கடையில் கொடுத்த டைரி. முன் அட்டையில் தக்காளிப் படம். இத்தனை மாதமும் அலமாரியில் கிடந்தது. பெங்களூர் கம்பெனியிலிருந்து வரும் பெண் மிருணாளினி, "அம்மா, தினமும் ரெண்டு வரி எழுதுங்க. என்னைக்குப் பறிச்சீங்க, மழை பெஞ்சுதா, எப்பக் கழுவுனீங்க, அவ்வளவுதான்" என்றாள். பத்தாம் வகுப்போடு எழுத்தை விட்டவள் நான். கை வலிக்கிறது.

அந்தக் கம்பெனிக்கு எங்கள் தோட்டத்துக் காப்பி மட்டும் தனியாக வேண்டுமாம். இதுவரை வியாபாரி வந்து மூட்டையைத் தூக்கிப் போவான். பூலாம்பாறையில் விளைந்ததும் பக்கத்து மலையில் விளைந்ததும் அவன் கிட்டங்கியில் ஒன்றாகக் கொட்டப்படும். அப்புறம் எது யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது. இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்களாம். பொட்டலத்தில் ஊர்ப் பெயர், தோட்டக்காரர் பெயர், முகம் எல்லாம் போடுவார்களாம். சிவந்த பழமாக மட்டும் பறிக்க வேண்டும். நல்ல விலை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், சொர்ணம், சொர்ணத்தின் மகள் வினோதினி. அவர் போன ஆடியில் காலமானார். சொர்ணம் அவருக்கு இரண்டாவது. அவ்வளவு போதும்.

நவம்பர் 16

மேல் பாத்தியில் பறிப்பு. வெயில்.

காயும் செங்காயுமாகக் கலந்து பறிக்காதே என்று மாரக்காவிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். "ஒரு செடிக்கு நாலு வாட்டி வரச் சொல்றீக. செடி என்ன மாமியார் வீடா?" என்கிறாள். மற்ற பொம்பளைகள் சிரித்தார்கள். சொர்ணம்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்தால் கை நின்றுவிடும் அவளுக்கு.

அவள் வைத்த ரசத்தில் இன்று உப்புக் கம்மி. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மீந்து போனால் வீண்தானே.

நவம்பர் 21

மழை. பறிப்பு இல்லை.

நவம்பர் 25

காட்டுமாடு வேலியை உடைத்துக்கொண்டு வந்து ஓடை ஓரத்தில் நாலைந்து செடிகளைச் சாய்த்துவிட்டது. சொர்ணமும் நானும் மூங்கில் வெட்டி அடைத்தோம். என் உள்ளங்கையில் சிராய் ஏறிவிட்டது. அவள் என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியால் எடுத்தாள். "அசையாதீங்கக்கா, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள். யார் சின்னப் பிள்ளை? எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அவளுக்கு நாற்பது இன்னும் ஆகவில்லை.

பழத்தைத் தோலுரித்துத் தொட்டியில் போட்டாயிற்று. காலையில் கொழகொழப்பு விட்டிருக்கும், கழுவ வேண்டும்.

டிசம்பர் 3

மிருணாளினி காமிராவோடு வந்தாள். மண்ணைக் கையில் எடுத்து மோந்தாள். ஆரஞ்சு மரங்களுக்கு அடியில் காப்பிச் செடி நிற்பதையும், முள்முருங்கையில் மிளகுக் கொடி ஏறியிருப்பதையும் படம் எடுத்தாள். என்னைக் கூடையோடு நிற்கச் சொன்னாள். பட்டுச்சேலை கட்டியிருந்தேன். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றாள். சிரித்தேன். "சரி, சிரிக்க வேணாம், சும்மா நில்லுங்க" என்றாள். நின்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணம் தொட்டியிலிருந்து ஏறி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரை காப்பித் தோல் ஒட்டியிருந்தது. "ஐயோ, நான் வரலாமா, வேண்டாமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் காமிராவை அவள் பக்கம் திருப்பினாள். அப்புறம் என் பக்கம் திருப்பவே இல்லை.

சொர்ணம் இந்த மலைக்குப் பழம் பறிக்க வந்தவள்தான். வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேனில் பதினைந்து பொம்பளைகள் வந்தார்கள், அதில் ஒருத்தி. அந்த வருசம் பறிப்பு முடிந்து வேன் கீழே இறங்கியபோது அவள் மட்டும் இறங்கவில்லை. எனக்குக் குழந்தை இல்லை. "உனக்குச் சம்மதந்தானே பவளம்?" என்று அவர் கேட்டார். சம்மதம் என்றேன். மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். நான்தான் தாம்பாளம் பிடித்தேன். நான் சம்மதம் சொன்னதைத்தான் எல்லாரும் பேசினார்கள். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? கம்பெனிக்கு இது வேண்டாம்.

டிசம்பர் 10

பொட்டலத்தின் படம் வினோதினியின் போனுக்கு வந்தது. அட்டை முழுக்கச் சொர்ணத்தின் முகம். வாயைப் பொத்திய கையும், அதற்கு மேலே சிரிக்கும் கண்ணும். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வினோதினி படித்துக் காட்டினாள்: "சொர்ணம் தோட்டம், பூலாம்பாறை."

"அம்மா! நீ ஃபேமஸ் ஆயிட்ட!" என்று குதித்தாள்.

சொர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஏ, கழுதை, அத அழி. அக்கா, நான் ஒண்ணுமே சொல்லலக்கா. உம் பேரு என்னன்னு கேட்டுச்சு, சொன்னேன். உங்க போட்டோவத்தான் போடணும்னு நானே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றேன்."

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான்.

சாயங்காலம் ஆரஞ்சு மரத்தில் காய்ந்த குச்சிகளை வெட்டினேன். பச்சைக் கிளை இரண்டும் சேர்ந்து விழுந்துவிட்டது. அரிவாள் சாணை பிடித்து வைத்திருந்ததால் வந்த வினை.

டிசம்பர் 12

மிருணாளினிக்குப் போன் போட்டேன். நிலம் என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. பட்டா என் பெயரில் இருக்கிறது. சொர்ணத்துக்கும் நிலத்துக்கும் சம்பந்தம் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன்.

"அவங்க உங்க தங்கச்சின்னு நெனச்சுட்டேன்மா" என்றாள். "தங்கச்சியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கூலிக்கு வந்தவ" என்றேன். உள்ளதைச் சொன்னேன். வேனில் வந்தபோது கூலிக்குத்தானே வந்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வினோதினி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நிற்கிறாள். குடம் நிறைய இருந்தது. இறக்கி வைக்காமல் நின்றாள். இப்போதுதான் வந்திருப்பாள்.

டிசம்பர் 13

வெயில். கீழ் பாத்தியில் பறிப்பு. வினோதினி சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள். வயிற்று வலியாக இருக்கும்.

டிசம்பர் 15

இன்றும் வயிற்று வலி.

டிசம்பர் 19

மிருணாளினி வந்தாள். புது அட்டையின் மாதிரியைக் கொண்டு வந்திருந்தாள். "பவளக்கொடி தோட்டம்" என்று தமிழிலேயே போட்டிருக்கிறார்கள். முகம் இல்லை, ஒரு காப்பிக் கிளையின் படம் மட்டும். அதுவும் அழகுதான். கையில் வாங்கிப் பார்த்தேன். என் பெயரை அச்சில் பார்த்தது அவருடைய கருமாதிப் பத்திரிகைக்கு அப்புறம் இப்போதுதான்.

சொர்ணம் மூன்று டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள். மிருணாளினிக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா, பேக்கட்டுல உங்க குடும்பத்தப் பத்தி நாலு வரி எழுதணும். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டுந்தான். வீட்டுக்காரர் இறந்துட்டார்."

"இவங்க…?"

சொர்ணம் என் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் டம்ளரை வாங்கினேன். "தோட்டத்துல வேலை பாக்குறவ" என்றேன்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சண்டை போட்டால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் பதினைந்து வருசத்துக் கணக்கு இருந்தது. அவளோ மிருணாளினியைப் பார்த்து, "ஆமா கண்ணு. பழம் பறிக்க வந்தவ. சக்கரை போதுமா பாரு" என்றாள். எடுத்து வந்த மூன்றாவது டம்ளரைக் குடிக்காமல் அடுக்களைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

நல்ல பழம் இன்று. ஒரே சீராகச் சிவந்திருந்தது.

டிசம்பர் 23

அரையாண்டு லீவு விட்டாயிற்று. "அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வர்றோம்க்கா" என்று காலையில் சொர்ணம் சொன்னாள். போய் வா என்றேன். அண்ணன் வத்தலக்குண்டில் மெஸ் நடத்துகிறான். மனுசர் என்றால் நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போகத்தானே செய்வார்கள்.

வினோதினி பள்ளிக்கூடப் புத்தகம் முழுவதையும் இரண்டு பைகளில் கட்டினாள். லீவுக்கு எதற்கு அத்தனை புத்தகம் என்று நான் கேட்கவில்லை. அவளும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. மினி பஸ் வரும் வரை ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தொட்டி கழுவித் துடைத்துக் கிடந்தது. அடுப்பில் குழம்பு இருந்தது. என் தலைவலித் தைலம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

டிசம்பர் 29

வெயில். பறிப்பு. மிளகு அவ்வளவு திரட்சி இல்லை.

"சொர்ணம் எப்ப வருது?" என்று மாரக்கா கேட்டாள். பொங்கலுக்கு என்றேன். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "அது போன பஸ்ஸுல எம் மகளும் போனா. அது வழியெல்லாம் அழுதுட்டே போச்சாம்" என்றாள்.

மலைப்பாதை வளைவுகளில் அவளுக்கு எப்போதும் தலை சுற்றும். அதனால் இருக்கும்.

ஜனவரி 5

தோலுரிக்கும் மெசினைச் சுற்ற ஒருத்தி, பழம் தள்ள ஒருத்தி வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பழத்தை அன்றைக்கே உரிக்க வேண்டும். நானே சுற்றி நானே தள்ளுகிறேன். முடிகிறது. முடியாமல் என்ன?

பேச்சுச் சத்தம் இல்லாததால் வேலை ஓடுகிறது. சோறுதான் தினமும் மீந்துவிடுகிறது. அளவு கை வரவில்லை.

ஜனவரி 11

களம் நிறையக் கொட்டை காய்கிறது. இதுதான் கம்பெனிக்குப் போக வேண்டிய நல்ல சரக்கு, இந்த வருசத்தின் முக்கால்வாசி. இன்னும் இரண்டு மூன்று வெயில் கிடைத்தால் போதும்.

ஜனவரி 12

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். மேற்கே கறுத்ததைக் கவனிக்கவில்லை. தை மாசம் பிறக்கப் போகிற நேரத்தில் யார் வானத்தைப் பார்ப்பார்கள்? தகரத்தில் முதல் துளி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன்.

தார்ப்பாயை ஒரு ஆள் இந்த முனையில் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் அந்த முனைக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். நான் இந்த முனையில் கல்லை வைத்துவிட்டு அங்கே ஓடினால் காற்று இங்கே தூக்குகிறது. இங்கே ஓடி வந்தால் அங்கே தூக்குகிறது. கத்தினேன். என்னவென்று கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆள் அப்புறம் சொன்னான், "சொர்ணம் சொர்ணம்னு கூப்புட்டீக, அதான் அது வந்துட்டுதாக்கும்னு நான் வரல" என்று.

மழை அரை மணி நேரம்கூடப் பெய்யவில்லை. கொட்டைகள் களத்தில் தண்ணீரோடு ஓடிச் சாக்கடையில் சேர்ந்ததை இரண்டு கையாலும் அள்ளினேன். கடைசியில் தார்ப்பாயின்மேல் நானே படுத்துக்கொண்டேன். எனக்கு அடியில் இருந்தது மட்டும் நனையவில்லை.

ஜனவரி 13

வானம் மூட்டமாகவே இருக்கிறது. கிளறுகிறேன்.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. யாரும் வரவில்லை.

ஜனவரி 25

மிருணாளினி ஒரு கைப்பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் ஒரு கொட்டையின் தோலை நகத்தால் உரித்துப் பார்த்தாள், மறுபடியும் மோந்தாள். நல்ல பெண். மெதுவாகத்தான் சொன்னாள்: "பூஞ்ச வாடை வருதும்மா. இத எங்களால எடுக்க முடியாது."

"இதுல ஒரு பங்கு நனையல, நல்லாருக்கும். பொறுக்கித் தர்றேன்."

"கலந்துருச்சும்மா. ஒரு கப்புல அந்த வாடை வந்தாலும் பேரு கெட்டுப்போயிரும். உங்க பேருதானே போட்டிருக்கு." கையிலிருந்ததைத் திரும்பக் கொட்டினாள். "போன தடவ சாம்பிள் எவ்வளவு நல்லா இருந்துச்சு! என்னாச்சும்மா? ஆள் யாரும் இல்லையா? அந்தக்கா எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

டிசம்பரில் முடித்த இரண்டு மூட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி ஆட்கள் குடிக்க வைத்துக்கொள்வார்களாம். கடையில் விற்க இந்த வருசத்துக்கு வேறு தோட்டம் பார்ப்பார்களாம். அச்சடித்த அட்டை ஒரு கட்டு வண்டியில் இருந்தது. என் பெயர் போட்டது. வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மற்றதெல்லாம் பழைய வியாபாரிக்குத்தான் போகும். அவன் மோந்து பார்க்க மாட்டான். எல்லாவற்றோடும் சேர்த்துக் கொட்டிவிடுவான்.

பிப்ரவரி 4

இன்று வத்தலக்குண்டு போனேன். வந்ததும் எழுதுகிறேன். கம்பெனிக்காக இல்லை. அவர்கள் இனி இதைக் கேட்கப்போவதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் மெஸ். மத்தியானக் கூட்டம் அடங்கியிருந்தது. சொர்ணம் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "வாங்கக்கா. சாப்புடுறீகளா? மோர்க்குழம்பு இருக்கு." இளைத்திருந்தாள். கண்ணெல்லாம் வெங்காயம்.

நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையைக் கொடுத்தேன். வாங்கி ஓரமாக வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அங்கே வாயில் வந்தது, "களத்துல ஆள் இல்ல, சொர்ணம்" என்பதுதான்.

"மாரக்கா மகளக் கேளுங்க. கூலிக்கு வருவா" என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு ஆள் சொன்னாள்.

"நான் கூலிக்கு ஆள் தேடி இங்க வரல."

"வேற என்னத்துக்குக்கா வந்தீக?"

இரண்டு வெங்காயம் உரிக்கும் நேரம் அவள் எனக்குக் கொடுத்தாள். நான் சொல்லவில்லை. பட்டாவைப் பற்றிப் பேசினேன். வினோதினி பெயரையும் பட்டாவில் சேர்த்துவிடுகிறேன், எனக்குப் பின்னால் அவளுக்குத்தானே எல்லாம் என்றேன்.

சொர்ணம் கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்குறேன். அவரு செத்ததும் எங்கண்ணன் வந்து கூப்புட்டான், ஞாபகம் இருக்கா? மகளக் கூட்டிட்டு வந்துரு, இங்க மெஸ்ஸப் பாத்துக்கன்னான். நான் ஏன் வரல?"

நான் தரையில் கிடந்த வெங்காயத் தோலை ஒதுக்கினேன்.

"நெலத்துக்குன்னு நெனச்சீகளா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

"அந்த மனுசனுக்காக நான் அங்க வந்தேன், சரி. அவரு இருந்த லட்சணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கப்புறம் நான் அங்க கெடந்தது உங்களுக்காகக்கா. நீங்க தனியா இருந்தா ஒழுங்காச் சாப்புட மாட்டீகன்னு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கூலிக்கு வந்தவன்னு சொன்னதுகூடப் போகட்டும். எம் மக காதுல விழுற மாதிரிச் சொன்னீக பாருங்க."

அந்த நேரத்தில் வினோதினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். புதுப் பள்ளிக்கூடம், புதுச் சீருடை. என்னைப் பார்த்து நின்றாள். "வாங்க" என்றாள். எப்போதும் ஓடி வந்து "பெரியம்மா, எனக்கு என்ன?" என்று பையைப் பிடுங்குகிறவள். ஆரஞ்சைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"பெரியம்மா உன் பேருக்கு நெலம் எழுதித் தர்றேன்னு சொல்றாங்கடி" என்றாள் சொர்ணம்.

"எனக்கு வேணாம்மா" என்று அவளிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. "கூலிக்கு வந்தவங்களுக்கு எதுக்கு நெலம்?" உள்ளே போய்விட்டாள்.

சொர்ணம் பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தாள். வெயில் பலமாக இருந்தது. என் தலையில் சேலையை இழுத்துவிட்டாள். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்து, கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே வராதீங்க. இப்பத்தான் புள்ள ரெண்டு வாயி சோறு திங்க ஆரம்பிச்சிருக்கா."

பஸ் கிளம்பும் வரை அவள் கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. பஸ் கிளம்பியதும் எடுத்தாள்.

மன்னித்துக்கொள் என்று ஊர் வந்து இறங்கிய பிறகு சொன்னேன். ரோட்டில் யாரும் இல்லை.

பிப்ரவரி 5

முதுகு வலி. எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 20

கவாத்து நடக்கிறது, கிளை கழிக்கிறோம். இரண்டு ஆள்.

மார்ச் 2

மிருணாளினி போன் செய்தாள். டிசம்பரில் முடித்த அந்த இரண்டு மூட்டைகளையும் வறுத்து யார் யாருக்கோ கொடுத்தார்களாம். அப்படி ஒரு காப்பியை இந்த மலையிலிருந்து குடித்ததில்லை என்றார்களாம். "பழ வாசனையும் வெல்ல ருசியும் ஒண்ணா வருதும்மா. அடுத்த வருசம் இதே மாதிரி செஞ்சுடலாம்ல?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றேன்.

அந்தக் காப்பியை நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நல்ல சரக்கு விற்பனைக்கு என்று எடுத்து வைப்பேன். வீட்டுக்கு எப்போதும் கழிசல்தான். அதையும் அவள் வறுத்தால் குடிக்க முடியும். நான் வறுத்தால் கருகுகிறது.

மார்ச் 17

முந்தாநாள் நல்ல மழை. அதற்காகவே காத்திருந்த மாதிரித் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிட்டது. ஓடையிலிருந்து மேல் பாத்தி வரை இலையே தெரியவில்லை, கிளை கிளையாக வெள்ளை. ரோட்டில் போகிற வேன்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

"இந்த மாதிரிப் பூவ நான் பாத்ததே இல்ல தாயி. அடுத்த வருசம் காப்பு கிளைய ஒடிச்சிரும்" என்றாள் மாரக்கா.

ஆள் தேட வேண்டும்.

வாசம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்தினேன்.